பழுது பார்த்த சைக்கிள் மறுபடியும் பழுதானால் என்ன செய்வது?

கடையில் வேலை பார்த்து வாங்கிவந்த சைக்கிள் இரண்டொரு நாளில் மறுபடியும் தகராறு செய்தால், முதலில் அதில் கை வைக்காமல் இருக்க வேண்டும். ஸ்பேனரை எடுத்து நாமே ஒரு நட்டை இறுக்கிவிட்டாலோ, வழியில் இருக்கும் வேறு கடையில் கொடுத்துக் கழற்றிப் பார்த்துவிட்டாலோ, அதன் பிறகு குறை யாருடையது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. "நடுவுல யாரோ கை வச்சிருக்காங்களே" என்று முதல் கடைக்காரர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. சைக்கிள் இப்போது இருக்கிற நிலைதான் நம் பக்கத்துச் சாட்சி. ஆகவே பழுதான இடத்தைக் கைப்பேசியில் இரண்டு மூன்று படமும், சத்தம் வருகிறதென்றால் ஒரு சிறு காணொளியும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

மட்கார்டு உரசுகிறது, ஸ்டாண்டு சரியாக நிற்கவில்லை என்பது போன்ற குறைகளோடு கடை வரைக்கும் ஓட்டிப் போவதில் தவறில்லை. ஆனால் பிரேக், ஹேண்டில்பார், முன்சக்கரம், அதைத் தாங்கும் கவையான போர்க், பெடல் மாட்டியிருக்கும் தண்டான கிராங்க் ஆகியவற்றில் சந்தேகம் வந்தால் ஓட்டவே கூடாது. தள்ளிக்கொண்டு போக வேண்டும், அல்லது டெம்போவில் ஏற்றிப் போக வேண்டும். மருதமலைக்கு மிதித்துப் போய்விட்டு இறங்குபவர்களும், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கத்தில் வருபவர்களும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரேக் வேலை சரியாக நடந்ததா என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்தாக வேண்டிய விஷயம்.

குறை எங்கே என்று பார்ப்பது

கழற்றாமல், கையால் அசைத்தும் சுற்றியும் பார்த்தே பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்கலாம். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகினால், அது சக்கரத்தை விட்டுத் தனியாகத் திரும்பக் கூடாது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் போர்க்கின் தலைப்பகுதியில் கடகடவென்ற ஆட்டம் இருக்கக் கூடாது. பிரேக் லிவரை முழுக்க அழுத்தினாலும் அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படிய வேண்டும், டயரில் பட்டால் சில நாட்களில் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும்.

சக்கரத்தின் ஆக்சிலில் பால்ரஸ் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கோனை இறுக்கி, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்துத் தந்ததாகச் சொல்லியிருந்தால், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெதுவாகச் சுற்றிவிட வேண்டும். கோன் சரியாக அமைந்த சக்கரத்தில், சுற்று ஓயும்போது வால்வு இருக்கும் பக்கம் தன் எடையால் கீழே வந்து, ஊஞ்சல் போல இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி நிற்கும். எங்கோ நடுவில் சட்டென்று நின்றால் கோன் அதிகமாக இறுகியிருக்கிறது. ரிம்மைப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் தளர்ந்திருக்கிறது. பின்சக்கரத்தில் செயின் இழுப்பு இருப்பதால் இந்தச் சோதனை முன்சக்கரத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

பழைய மாடல் சைக்கிள்களில், கிராங்கை நடு ஆக்சிலோடு பிணைக்கும் காட்டர் பின்னின் வேலைதான் அதிகம் சொதப்பப்படுகிறது. பின்னைச் சுத்தியால் நன்றாக அடித்து இறக்கி, அது உட்கார்ந்த பிறகே நட்டை இறுக்க வேண்டும். நட்டை இறுக்கியே பின்னை இழுத்துவிடலாம் என்று செய்தால் அது உட்காராது, மரைதான் போகும். கிராங்கைப் படுக்கைவாட்டில் நிறுத்திப் பெடலைக் காலால் அழுத்திப் பார்த்து, அரைச்சுற்று சுற்றி மறுபடியும் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று நழுவினால் பின் உட்காரவில்லை. கிராங்க் இரண்டும் சேர்ந்தே பக்கவாட்டில் ஆடினால் குறை பின்னில் இல்லை, நடு ஆக்சிலில் இருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல், ஒன்று சற்று மடங்கியது போல நின்றால், இரண்டு பின்களில் ஒன்று தலைகீழாக அடிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சைக்கிள் பழசு என்று சொல்லித் தள்ள முடியாது, கைவேலைக் குறைதான்.

பெடல் மாற்றியதிலும் இதேபோல மறுக்க முடியாத ஒரு குறை உண்டு. இடது பெடலின் மரை இடப்பக்கமாகச் சுற்றுவது. அது தெரியாமலோ கவனிக்காமலோ வலது பெடலைப் போல இறுக்கினால் மரை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பெடல் சாய்ந்து நிற்கும். அப்படி நின்றால் பெடலை மட்டும் மாற்றினால் போதாது, கிராங்கின் மரையும் போயிருக்கும்; கிராங்கையும் அந்தக் கடைதான் மாற்றித் தர வேண்டும்.

பஞ்சரில் சச்சரவு அதிகம், ஆனால் அதில் தீர்ப்பு சொல்வது சுலபம். ஒட்டிய மறுநாள் காற்று இறங்கினால் ஒட்டு சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். முதலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் குழாயான வால்டியூப் போய்விட்டது, அது சில்லறைக் காசு, ஒட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குமிழி வரவில்லையென்றால், கடைக்காரர் எதிரிலேயே டியூபைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கச் சொல்ல வேண்டும். பழைய ஒட்டின் ஓரத்திலிருந்து குமிழி வந்தால், சரியாகத் தேய்க்காமலோ சொல்யூஷன் காய்வதற்கு முன்போ ஒட்டியிருக்கிறார். புது ஓட்டையிலிருந்து வந்தால், அது பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முள் இன்னும் டயருக்குள் நிற்கிறது என்று பொருள். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களின் ஓரமாக ஓட்டுபவர்களுக்கு இது பழகிய சங்கதி. கிளுவை வேலி கழித்துப்போட்ட நாட்களில் தடத்தில் கிடக்கும் முள் டயரில் ஏறி, வெளியே தெரிகிற பகுதி ஒடிந்துபோய், நுனி மட்டும் உள்ளே நின்றுவிடும். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்று முழுக்கத் துடைத்தால் முள் துணியில் மாட்டிக்கொள்ளும். அதைச் செய்யாமல் டியூபை மட்டும் ஒட்டிக் கொடுத்தது கடையின் குறை; இலவசமாக மறுபடியும் ஒட்டித் தருவதுதான் முறை. ஓட்டை வேறு எங்கோ இருந்தால் அது புதுப் பஞ்சர். புதுக் காசு கொடுக்க வேண்டியதுதான்.

டியூப் புதிதாக மாற்றியிருந்தால் அளவையும் பார்க்க வேண்டும். 26 என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். பெண்கள் ஓட்டும் சாதாரண சைக்கிளின் 26 × 1⅜ டயரும், தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளின் 26 × 1.95 டயரும் வேறு வேறு ரிம்முக்கானவை. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் முதலாவதில் 37-590 என்றும், இரண்டாவதில் 559 என்று முடியும்படியும் இருக்கும். டயரை மாற்றிப் போட்டால் ரிம்மில் சரியாக உட்காராது, அது உடனே தெரிந்துவிடும். டியூப் அப்படியல்ல. ஒல்லி டியூபைத் தடித்த டயருக்குள் போட்டால் விரிந்து மெலிந்து ஓட்டையாகும். தடித்த டியூபை ஒல்லி டயருக்குள் திணித்தால் மடிந்து, மடிப்பிலேயே அறுபடும்.

கடையின் குறை எது, சைக்கிளின் குறை எது

இதில் கடைக்காரருக்கும் நியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. புதிதாகப் போட்ட பிரேக் கேபிள் சில நாட்களில் சற்றுத் தளரும். புது ஸ்போக்ஸ் கம்பி கட்டிய சக்கரம் ஓடிப் பழகிய பிறகு கொஞ்சம் கோட்டம் காட்டும். இவை வேலை கெட்டதால் வருவதில்லை. ஒருமுறை திரும்பக் கொண்டுபோய் இறுக்கிக்கொள்ள வேண்டியவை, நல்ல கடையில் அதற்குக் காசு கேட்பதும் இல்லை.

சிக்கலானது செயின். புதுச் செயின் மாற்றி வாங்கி, மேட்டில் அழுத்தி மிதித்ததும் அது பல்லைத் தாவிக் குதித்தால், செயின் மட்டமானது என்று சண்டைக்குப் போகிறார்கள். செயினின் பின்களுக்கு நடுவே அரை அங்குலம் இருக்கும். ஆகவே ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் சுழியை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். பழைய செயினை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். அந்தப் பின் எட்டில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால், அது தேய்ந்து நீண்டு, பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீலின் பல்லையும் தின்றிருக்கிறது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. செயினில் குறையில்லை, பிரீவீலையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும். "பிரீவீலும் போயிருக்குதுங்க, சேர்த்து மாத்தீருங்க" என்று கடைக்காரர் அன்றைக்கே சொல்லி, செலவுக்கு யோசித்து நாம் வேண்டாம் என்றிருந்தால் அவர்மேல் தவறில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டிருந்தால் தவறு அவருடையது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், அரைகுறை வேலையோடு, நுகர்வோரிடம் சொல்ல வேண்டியதை வேண்டுமென்றே மறைப்பதும் சேர்ந்தே இருக்கிறது.

இதனால்தான் மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிவைப்பது முக்கியம். பழைய செயின், பழைய பின், பழைய டியூப் எதுவானாலும் நமக்குச் சொந்தமானது. தேய்மானம் எவ்வளவு என்பதையும், உண்மையிலேயே மாற்றினார்களா என்பதையும் அது சொல்லிவிடும். சாமானை நாமே வேறு இடத்தில் வாங்கிக் கொடுத்திருந்தால், அதன் தரத்துக்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. பொருத்தியதற்கு மட்டுமே பொறுப்பு.

கடையில் பேசுவது

பள்ளி விடும் நேரத்திலும், பனியன் கம்பெனி, மில் ஷிப்டு மாறும் நேரத்திலும் போகாதீர்கள். நான்கு பேர் எதிரில் குறை சொன்னால், தன் வேலையைக் காப்பாற்றுவதில்தான் எவருக்கும் கவனம் போகும். காலையில் கடை திறந்ததும் போவது நல்லது. குற்றச்சாட்டாக ஆரம்பிக்காமல், என்ன வேலை, எப்போது செய்தது, இப்போது என்ன ஆகிறது என்ற மூன்றையும் சொல்லி, அவரையே பார்க்கச் சொல்ல வேண்டும்:

"ஏனுங்கண்ணா, போன செவ்வாய்க்கெழமை எடது பக்கம் காட்டர் பின் மாத்திக் குடுத்தீங்க. இப்ப அழுத்துனா டக்குடக்குங்குதுங்க. நான் எதும் கழட்டலீங்க, அப்படியே கொண்டாந்திருக்கறனுங்க. ஒருக்கா மிதிச்சுப் பாருங்க."

"வண்டி பழசுங்க தம்பி, அப்படித்தானுங்க இருக்கும்."

"பழசுதானுங்ணா, இல்லீன்னு சொல்லல. சோடிப் பின்னு நல்லாத்தான இருக்குது, மாத்துன பக்கந்தானுங்க சத்தம் வருது."

பெரும்பாலான கடைகளில் இதோடு சைக்கிள் உள்ளே போய்விடும். மறுவேலை செய்து தந்தால், அங்கேயே நின்று மேலே சொன்னபடி அசைத்தும் சுற்றியும் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறுவேலை கேட்பதா, பணத்தைத் திருப்பிக் கேட்பதா என்பது குறையைப் பொறுத்தது. கவனக்குறைவு என்றால் அவரிடமே மறுபடி செய்துகொள்வது நல்லது. வேலையே தெரியவில்லை என்றால், குறிப்பாகக் கியர் சைக்கிளில் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெய்லியரிலோ டிஸ்க் பிரேக்கிலோ தட்டித் தடுமாறியிருக்கிறார் என்றால், கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதற்கென்றே இருக்கும் கடைக்குப் போவதுதான் புத்தி. அவர் கையால் புதிதாக ஏதாவது கெட்டிருந்தால் அந்தச் சாமானின் விலையையும் சேர்த்துக் கேட்கலாம். ஒரு பஞ்சர் காசுக்காக இரண்டாம் முறைக்கு மேல் போய் நிற்பது வீண் என்பது என் எண்ணம். அடுத்த முறை வேறு கடை பார்த்துக்கொள்ளலாம்.

காசு முழுவதும் கொடுத்தால்தான் சைக்கிளைத் தருவேன் என்று சில இடங்களில் பிடித்து வைப்பார்கள். செய்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆம் பிரிவு பழுதுபார்ப்பவருக்கு உரிமை தருகிறது; எனவே அங்கே மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. "வேலை சரியில்லை என்ற ஆட்சேபத்தோடு கொடுக்கிறேன்" என்று ரசீதில் எழுதியோ, அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் அனுப்பியோ, பணத்தைக் கட்டிச் சைக்கிளை வெளியே எடுத்துவிட வேண்டும். கட்டிய பணத்தைப் பிறகு கேட்க அதனால் தடையில்லை.

எழுத்தில் கேட்பது

மறுவேலையும் சரியில்லை, அல்லது கடைக்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை என்றால், அப்போதுதான் இன்னொரு கடைக்குப் போக வேண்டும். அங்கே பழுது பார்க்கச் சொல்வதற்கு முன், என்ன குறை, அது எதனால் வந்தது, சரிசெய்ய என்ன செலவாகும் என்று அந்தக் கடையின் பில் தாளில் இரண்டு வரி எழுதி வாங்க வேண்டும். தொழிலில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதால், முதல் கடையின் பெயரைச் சொல்லாமல், சைக்கிளின் நிலையை மட்டும் எழுதித் தரச் சொன்னால் தயங்காமல் எழுதித் தருவார்கள்.

பிறகு முதல் கடைக்கு ஒரு கடிதம். அதில் கோபமோ அறிவுரையோ வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "தங்கள் கடையில் இந்தத் தேதியில் எனது சைக்கிளுக்குப் பின்வரும் வேலைகளைச் செய்து, இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டீர்கள். இந்தத் தேதியிலிருந்து இன்ன குறை ஏற்பட்டது. இந்தத் தேதியில் நேரில் கொண்டுவந்து காட்டியும் அது சரிசெய்யப்படவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் குறையைக் கட்டணமின்றிச் சரிசெய்து தருமாறோ, பெற்ற தொகையைத் திருப்பித் தருமாறோ கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக நேரிடும்." பில், படங்கள், இரண்டாவது கடையின் குறிப்பு ஆகியவற்றின் நகலை இணைத்து விரைவு அஞ்சலில் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மூலைக் கடையில் பில் ஏது என்று கேட்கலாம். கேட்டும் பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. நடைமுறையில், கூகுள் பே போன்றவற்றில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் "காட்டர் பின், செயின், கூலி" என்று தட்டிவிட்டால், தேதியும் தொகையும் வேலையும் ஒரே இடத்தில் பதிவாகிவிடும். சில்லறைத் தாளில் எழுதிக் கொடுத்த கணக்கும் ஆதாரம்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் பதியலாம். சைக்கிள் விற்கும் பெரிய ஷோரூம்களும் கம்பெனிகளும் அதற்குப் பதில் சொல்கின்றன. ஊர் முக்கில் தனியாளாகக் கடை வைத்திருப்பவரிடம் அதனால் பெரிதாக ஒன்றும் நகராது. அடுத்த படி மாவட்ட ஆணையம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பல்லடத்தில் இருப்பவர் கோயம்புத்தூர் கடைமீது திருப்பூரில் கொடுக்கலாம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. 2025 முதல் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காசு வாங்காமல் செய்த உதவிக்கு, உதாரணமாகச் சும்மா காற்றடித்துக் கொடுத்ததற்கு, இந்தச் சட்டம் பொருந்தாது. விசாரணை மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் அதைவிட அதிகம் இழுக்கும். அதனால் பல ஆயிரம் ரூபாய் வேலைக்கும், அடிபட்ட விவகாரத்துக்கும் மட்டுமே நான் இந்த வழியைச் சொல்வேன்.

அடிபட்டிருந்தால் வரிசை கொஞ்சம் மாறும். சிகிச்சைக்குப் போகும்போதே, பிரேக் பிடிக்காமல் விழுந்தேன், பெடல் கழன்று விழுந்தேன் என்று காரணத்தை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்; பிறகு போய்க் கேட்டால் சேர்க்க மாட்டார்கள். விழுந்த சைக்கிளைத் துடைக்காமல், வளைந்ததை நிமிர்த்தாமல், கழன்ற பாகத்தை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும். ஆணையம் சைக்கிளை நிபுணர் பார்வைக்கு அனுப்பச் சொல்லக்கூடும் என்பதால், வழக்கு முடியும்வரை அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் வீட்டு ஓரத்தில் நிறுத்தி வையுங்கள்.